சத்தம் போடாத ஃபேன்

ஊர் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வந்தால்கூடப் பரவாயில்லை, வழி தெரியாமல் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டுத் திரும்புவார்கள். அந்த வீட்டுப் பெரியவருக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு. அதனால் ஊர் பெயர் வேண்டாம். தெற்குச் சீமையில் ஒரு ஊர், அதில் ஒரு கீழத்தெரு. அது போதும்.

கீழத்தெருவில் கொம்பையா என்று ஒருவன் இருந்தான். அரிசி மில்லில் மூட்டை தைக்கிற வேலை. அவன் மனைவி முப்பிடாதி பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகியும் திரும்பி வரவில்லை. கோபதாபம் ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்த டேபிள் ஃபேன்தான் காரணம். அது நன்றாகவே சுற்றும். ஆனால் சுற்றும்போது போடுகிற கடகட சத்தத்தில், மில் ஓடுகிறது என்று நினைத்து ஆட்கள் நெல்லோடு வந்து வாசலில் நிற்பார்கள்.

அவள் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "ஃபேன் இல்லாட்டி இந்த வெக்கையில பிள்ளை தூங்காது. அந்த ஃபேனைப் போட்டா சத்தத்துல தூங்காது. சத்தமில்லாம காத்து வந்தா ஞாயித்துக்கிழமை சாயங்கால பஸ்ஸுல வாரேன். இல்லாட்டி வந்த பஸ்ஸுலயே திரும்பிருவேன்."

தன் பிள்ளை தன் வீட்டில் தூங்குவதைக் கொம்பையா ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. புது ஃபேன் வாங்கலாம் என்ற யோசனை அவனுக்கும் வரவில்லை, தெருவில் வேறு யாருக்கும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் நகராட்சியிலிருந்து ஒரு அம்மா வந்தார். தெருவில் குப்பை அதிகமாகிறது, உடைந்த பொருளைத் தூக்கி எறியக் கூடாது என்றார். ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை முன்னால் ஒரு பந்தல் போடுங்கள், எல்லோரும் உடைந்த பொருளோடு வாருங்கள், ஒருவருக்கொருவர் பழுது பார்த்துக் கொடுங்கள், வேண்டாததை வைத்துவிட்டு வேண்டியதை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். பழுது பார்ப்பது பெரிய வித்தை இல்லை, ஆடுகிற பொருளை அசையாமல் இறுக்கினாலே பாதி சரியாகிவிடும் என்றும் தைரியம் சொன்னார். தெருச் சங்கத் தலைவர் பலவேசம் அண்ணாச்சி ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார்.

வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தபோதுதான் அண்ணாச்சிக்குப் பகீர் என்றது. அவர் வீட்டில் உடைந்த பொருள் ஒன்றுகூட இல்லை. தலைவர் வெறுங்கையோடு போனால் தெருவில் என்ன மரியாதை இருக்கும்? வேறு வழியில்லாமல் தேக்கு நாற்காலியின் காலை உடைக்க உட்கார்ந்தார். உறுதியான கால். ஒரு பகல் பூராவும் பிடித்தது. அதே தெரு மாசானமும் தன் நல்ல குடையைக் கிழித்தான். அவன் அண்ணன் தளவாய், யோசிக்கிற ஆள், எதையும் உடைக்கவில்லை; ஏற்கெனவே ஓட்டையாக இருந்த வாளி ஒன்றைப் பக்கத்துத் தெருவில் கடன் வாங்கி வந்தான்.

ஞாயிறு காலை பந்தல் நிறைந்துவிட்டது. முதலில் வாளியை எடுத்தார்கள். அடியில் விரல் நுழைகிற ஓட்டை. தண்ணீர் ஊற்றினார்கள், ஒழுகியது. மறுபடி ஊற்றினார்கள், மறுபடியும் ஒழுகியது. தளவாய் வாளியைக் கையில் வாங்கி, நெடுநேரம் பார்த்து, கவிழ்த்து வைத்தான். ஓட்டை இப்போது மேலே இருந்தது. மேலே ஓட்டை இருந்தால் தண்ணீர் எப்படி ஒழுகும் என்று கேட்டான். வாளி சரியாகிவிட்டது என்று ஒதுக்கி வைத்தார்கள்.

குடை இன்னும் சுலபம். விரித்தால்தான் கிழிசல் தெரிந்தது. மடக்கிக் கயிற்றால் நன்றாகச் சுற்றிக் கட்டி, மழை வந்தால் அவிழ்க்கக் கூடாது என்று மாசானத்திடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

நாற்காலிக்குத்தான் வாக்குவாதம். மூன்று கால் நெட்டையாகவும் ஒரு கால் குட்டையாகவும் இருந்ததால் ஆடியது. நெட்டைக் கால்களில் கொஞ்சம் வெட்டினார்கள். இப்போது குட்டையாக இருந்த கால் நெட்டையாகிவிட்டது. அதில் கொஞ்சம் வெட்டினார்கள். இப்படியே நியாயமாகப் போய்க்கொண்டிருந்ததில், கடைசியில் அண்ணாச்சிக்கு ஒரு அருமையான மணைப்பலகை கிடைத்தது. சுத்தமாக ஆடவில்லை.

மாற்றிக்கொள்கிற பக்கத்திலும் குறையில்லை. தையல்கடைக்காரரிடம் சாவி இல்லாத பூட்டு இருந்தது. டீக்கடைக்காரரிடம் பூட்டு இல்லாத சாவி இருந்தது. இரண்டு பேரும் மாற்றிக்கொண்டு, இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று சிரித்தபடி போனார்கள்.

கொம்பையா ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தான். முறை வந்ததும் விஷயத்தைச் சொன்னான். அண்ணாச்சி ஃபேனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எது ஆடுது?"

மாசானம் இறக்கையை விரலால் தட்டினான். அது ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"இதுதான் அண்ணாச்சி. சும்மா தொட்டதுக்கே இந்த ஆட்டம் ஆடுது."

"அப்பம் கழண்டிருக்கு. எத்தனை வருசமா இப்படி?"

"வாங்கினதுல இருந்தே அப்படித்தான் அண்ணாச்சி," என்று கொம்பையா குற்றவாளி போலச் சொன்னான்.

"வாங்கும்போதே பாத்து வாங்கப்படாதா வே?"

இறக்கைகளைக் கம்பியால் கூண்டோடு சேர்த்துக் கட்டினார்கள். முறுக்கினார்கள். அண்ணாச்சி காலை ஊன்றிக்கொண்டு இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார். ரேஷன் கடை பிளக்கில் செருகி ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் உள்ளே லேசாக உறுமியது. அண்ணாச்சி ஸ்விட்சை அணைத்தார். அந்த உறுமலும் சரியாகிவிட்டது.

எல்லோரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். துளிச் சத்தம் இல்லை. கொம்பையாவுக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்து ஃபேனை நடுக்கூடத்தில் வைத்து, உறுமல் வரக் கூடாதே என்று பிளக்கைச் செருகாமல் ஸ்விட்சை மட்டும் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்தான். சத்தம் இல்லை. காற்றும் இல்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்தான், சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்தான். வேர்வை வழிந்ததே தவிர ஒன்றும் நடக்கவில்லை. பஸ் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிள்ளையோடு மறுபடி பஸ்ஸில் ஏறுவது கண்முன் வந்தது. ஓடிப்போய் அண்ணாச்சியையும் மாசானத்தையும் தளவாயையும் அழைத்து வந்தான்.

மூன்று பேரும் ஃபேனைச் சுற்றி நின்று யோசித்தார்கள். தளவாய்தான் வாய் திறந்தான்.

"முன்னால எப்படிக் காத்து வந்துச்சு?"

"ரெக்கை சுத்துச்சு, காத்து வந்துச்சு," என்றான் கொம்பையா.

"நாம?"

"நாம சும்மா உக்காந்திருந்தோம்."

"இப்பம் ரெக்கை சும்மா இருக்கு. அப்பம் யாரு சுத்தணும்?"

பிறகு அண்ணாச்சி வேட்டியை இறுக்கிக்கொண்டு ஃபேனைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினார். முகத்தில் காற்று அடித்தது. நம்ப முடியாமல் இன்னொரு ஓட்டம் ஓடினார். சந்தேகமே இல்லை, காற்றுதான். மற்ற மூவரும் ஓடிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வந்தது. ஃபேனில் இதுவரை இப்படிக் காற்று வந்ததே இல்லை என்று கொம்பையா சொன்னான்.

"ஆனா பிள்ளை ஓடாதே அண்ணாச்சி. அதுக்கு இன்னும் கழுத்தே உறுதியா நிக்கல."

"பிள்ளை எதுக்கு ஓடணும்? தொட்டிலை ஃபேனுக்குப் பக்கத்துல கட்டு. நாங்க ஓடுதோம். வேட்டிக் காத்து பிள்ளைக்குப் போகும்."

முப்பிடாதி பிள்ளையும் பையுமாக வந்து நின்றபோது, மூன்று பேரும் வெறுங்காலோடு, பூனை போலச் சத்தமில்லாமல், தொட்டிலையும் ஃபேனையும் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். கொம்பையா மூச்சு விடாமல் அவள் முகத்தையே பார்த்தான்.

அவள் வாசலில் நின்று காதைக் கொடுத்தாள். சத்தம் இல்லை. உள்ளே வந்து தொட்டிலுக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தாள். காற்று வந்தது. பிள்ளையைக் கிடத்தினாள். வேட்டிகள் பறக்கப் பறக்கப் பிள்ளைக்குக் கண் சொக்கியது, தூங்கியே விட்டது. அவள் பையை மூலையில் வைத்தாள். பை கீழே இறங்கியதும்தான் கொம்பையாவுக்கு உயிர் வந்தது.

பிள்ளை தூக்கத்தில் ஒரு தும்மல் போட்டது. முப்பிடாதி கணவனை முறைத்தாள்.

"மூணுலயா வச்சிருக்கீக? பச்சப்பிள்ளைக்குச் சளி புடிச்சிரும். ஒண்ணுல வைங்க."

கொம்பையா அவசரமாகப் போய் ஃபேனின் திருகை மூன்றிலிருந்து ஒன்றுக்குத் திருப்பினான். அண்ணாச்சியும் மாசானமும் ஓட்டத்தை நிறுத்திச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். தளவாய் மட்டும் நிதானமாக ஓடினான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. தளவாய் அப்படியே நின்றுவிட்டான்.

"ஸ்விட்சை அணைங்க," என்று முப்பிடாதி இருட்டில் தாழ்ந்த குரலில் சொன்னாள். "திரும்ப வரும்போது கரண்ட் கூடுதலா வந்துச்சுன்னா தளவாய் அண்ணன் கெட்டுப் போயிருவாரு."

அதுவும் சரிதான் என்று கொம்பையா தடவித் தடவிப் போய் அணைத்தான். முந்தானையால் அவள் பிள்ளைக்கு விசிற, எல்லோரும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. தெரு விளக்கு எரிந்தது, கூடத்து விளக்கு எரிந்தது. தளவாய் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

மாசானத்துக்கு முகம் வெளிறிவிட்டது. "போச்சு அண்ணாச்சி. எங்க அண்ணன் போயிட்டான்."

அண்ணாச்சி எழுந்து தளவாயின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஓட்டம் வரவில்லை. ஒன்றும் பயப்பட வேண்டாம், பந்தலை இன்னும் பிரிக்கவில்லை, இப்போதே கொண்டு போய்ப் பார்த்துவிடலாம் என்றார். அவர் தலைப்பக்கமும் மாசானம் கால்பக்கமும் பிடித்துத் தளவாயைத் தூக்கினார்கள்.

"பத்திரம் அண்ணாச்சி," என்று முப்பிடாதி பின்னாலேயே வந்து மெல்லச் சொன்னாள். "அங்க போயி இவரை வச்சிட்டு வேற ஆளை மாத்தி எடுத்துட்டு வந்துராதீக. இவரு காத்துதான் பிள்ளைக்கு ஒத்துக்கிட்டு."

ஸ்விட்ச் இன்னும் அணைந்துதான் கிடக்கிறது என்பது தளவாய்க்குத் தெரியும். சொல்லத்தான் வாயெடுத்தான். ஆனால் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. சத்தம் போடக் கூடாதே என்று வாயை இறுக மூடிக்கொண்டு, ரேஷன் கடை வரை விறைப்பாகவே போனான்.