அணைக்காத மைக்

"மேடம், படிச்சதெல்லாம் தலையிலேயே நிக்குது. கைக்கு இறங்க மாட்டேங்குது. ஏன்?"

கேட்டவர் டாக்டர் கோதண்டபாணி. அந்தத் தேயிலை மலைக்கு அவர் ஒருவர்தான் குடும்ப டாக்டர்.

கேள்வி போய்ச் சேர்ந்தது டாக்டர் ஷமீலாவிடம். மதிய வேளைகளில் கம்ப்யூட்டர் திரையில் தோன்றி, எந்த நோய்க்கு என்ன செய்ய வேண்டும் என்ற நெறிமுறைகளை பல ஊர்களில் இருக்கும் டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர். வயதில் கோதண்டபாணிக்கு மகள் மாதிரி. இருந்தாலென்ன, குரு குருதான்.

அந்த மலையின் பனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் வந்துவிடும். துவைத்த துணியைப் பனிமேலேயே போடலாம். காயாது, ஆனால் கீழே விழாது. கிளினிக்குக்குள்ளும் வரும். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காரும். நம்பாதவர்கள், டோக்கன் கொடுக்கும் பெண் லூர்துவைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பனிக்குள்தான், வீட்டோடு ஒட்டிய அதே கிளினிக்கில், வகுப்பு.

திரையில் டாக்டர்கள் தேன்கூட்டு அறைகள்போல மிதப்பார்கள். பாதிப் பேர் கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்கள்.

கோதண்டபாணி தூங்க மாட்டார். எல்லாப் பரீட்சையிலும் நூற்றுக்கு நூறு. சான்றிதழ் மாட்டி மாட்டிக் கிளினிக்கில் சுவரே தெரியவில்லை.

ஒரே குறை, மைக்கை அணைக்க மறந்துவிடுவார்.

"கோதண்டம் சார், மைக்கை அணைங்க சாமி! உங்க வீட்டுக் குக்கர் விசில் கேட்டுக் கேட்டு எனக்கு ரெண்டாம் தடவை பசிக்குது" என்பார் காரைக்குடி டாக்டர்.

இன்றும் அணைக்கவில்லை.

"என்ன ஆச்சு, சார்?" என்றார் ஷமீலா.

"மாரப்பன்னு ஒரு தோட்டத் தொழிலாளி. மாசக்கணக்கா இருமினான். வர்றப்பல்லாம் இருமல் டானிக் கொடுத்து அனுப்பினேன். இப்போ கீழே பெரிய ஆஸ்பத்திரியில கிடக்கிறான். காசநோய். முத்திப் போச்சு."

"நெறிமுறை என்ன சொல்லுது?"

"ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா சளியைச் சோதிக்கணும். முதல் பாடமே அதுதானே! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனா ஆள் எதிர்ல வந்துட்டா எல்லாம் இந்தப் பனி மாதிரி கலைஞ்சு போயிடுது. இன்னொரு மாரப்பனை நான் விட்டுடக் கூடாது, மேடம். அதுக்கு ஏதாவது பாடம் இருந்தா அனுப்புங்க."

ஷமீலா ஒரு பொத்தானை அழுத்தினார்.

திரையிலிருந்த சத்தமெல்லாம் நின்றது, அவர் குரல் உட்பட. கோதண்டபாணியின் மைக் மட்டும் திறந்திருந்தது.

"மேடம்? சத்தம் வரலையே."

ஷமீலா காதில் கை வைத்துத் திரைக்கு அருகே சாய்ந்தார். ஒவ்வொருவராக மற்ற டாக்டர்களும் சாய்ந்தார்கள். காரைக்குடிக்காரர்கூட விழித்துக்கொண்டார்.

மலையே மௌனமானது. கூரையிலிருந்து ஈரம் சொட்டியது. எங்கேயோ ஒரு தேயிலை உதிர்ந்த சத்தம் கேட்டதாகக் கோதண்டபாணி பிற்பாடு சத்தியமே செய்தார்.

அப்புறம், பனிக்குள்ளிருந்து ஓர் இருமல்.

தினமும் கேட்கிற இருமல்தான். கோதண்டபாணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கை தானாக மேஜையைத் துழாவி, ஒரு சாம்பிள் டானிக் பாட்டிலை எடுத்துத் தோளுக்குப் பின்னால் நீட்டியது.

"இந்தா, லூர்து."

"போன பாட்டில்லயே இன்னும் பாதி இருக்கு, டாக்டர்."

ஷமீலா காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

பாட்டில் அந்தரத்தில் நின்றது. கோதண்டபாணி தன் கையையே பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

நாற்காலியைத் திருப்பினார். நோயாளி உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உட்காரு."

"நானா? எங்கிட்ட டோக்கன் இல்லையே."

"உட்காரும்மா. எத்தனை நாளா இருமுற?"

லூர்து சான்றிதழ்ச் சுவரைப் பார்த்து யோசித்தாள்.

"நீங்க இந்த கம்ப்யூட்டர் கிளாஸ்ல சேர்ந்தீங்களே டாக்டர், அப்போலேருந்து."