வரையாட்டுக்கு முட்டி காய்த்த கதை

அந்தக் காலத்தில் ஆடு ஒன்று கேட்டால் ஆள் பதில் சொல்வான், ஆள் ஒன்று கேட்டால் மரம் பதில் சொல்லும். யாரும் யாரையும் பைத்தியம் என்று நினைக்கமாட்டார்கள். அப்போது நெடுமலையில் நடந்தது இது.

வரையாடு தெரியுமில்லையா? மலை உச்சியில், பார்த்தாலே நமக்குத் தலை சுற்றுகிற பாறைகளில், தன் வீட்டு முற்றம் மாதிரி திரியுமே, அந்தக் காட்டு ஆடு. அன்றைக்கும் பாறையில் ஏறுவதில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அதன் முன்னங்கால் முட்டி மட்டும் பச்சைக் குழந்தையின் கன்னம் மாதிரி மெத்தென்று இருந்தது. ஆடு படுக்கவேண்டுமானால் முதலில் முன்னங்காலை மடித்து மண்டி போடவேண்டும். பாறையில் மண்டி போட்டால் தோல் கிழிந்து ரத்தம் வந்துவிடும். அதனால் பகலெல்லாம் மேலே சுற்றிவிட்டு, பொழுது சாய்ந்ததும் மந்தை மொத்தமும் கீழே புல்வெளிக்கு இறங்கிப் படுக்கும். புல்வெளியை ஒட்டித்தான் மலைக்காரர்களின் தினைக்காடு. படுக்க வந்த ஆடு சும்மா படுக்குமா? பக்கத்தில் இருப்பதை நாலு வாய் மென்றுவிட்டுத்தான் படுக்கும். இதற்காகவே புதரில் காத்திருக்கும் சிறுத்தைக்கும் நல்ல காலம்.

அந்த வருசம் தினை முளைத்த வேகத்திலேயே ஆட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது. ஊரில் கிழங்கும் தீர்ந்துபோனது. ஆட்டைக் கொன்று தின்றால்தான் உண்டு என்ற நிலைமை.

அந்த ஊரில் சடையன் என்று ஒரு வேட்டைக்காரன். வில்லில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவன் மனைவி மாதிக்கு நிறைமாசம். சரியாகச் சாப்பிட்டுப் பல நாளாகிவிட்டது. கன்னம் ஒட்டி, கை காலெல்லாம் குச்சியாகி, வயிறு மட்டும்தான் தெரிந்தது. வயிற்றுக்குள் குழந்தை அசைவது குறைந்துவிட்டது என்று ஒரு நாள் அவள் சொன்னாள். அன்றிலிருந்து சடையனுக்குத் தூக்கம் போனது.

ராத்திரி புல்வெளியில் எய்யலாமென்றால் இருட்டில் குறி தெரியாது, புதரில் சிறுத்தை வேறு. பகலில் மேலே போய் வரையாட்டை நெருங்குவதும் லேசுப்பட்ட காரியமில்லை. அது எப்போதும் கீழேயே பார்த்துக்கொண்டிருக்கும், ஆபத்து கீழேயிருந்துதான் வரும் என்று அதற்கு ஒரு நினைப்பு. ஆகவே விடியும்முன் அதற்கும் மேலே ஏறிவிட்டு, அங்கிருந்து இறங்கவேண்டும். உச்சியில் ஒளிய ஒரு செடி கிடையாது. நிமிர்ந்தால் தெரிந்துவிடும். நாலு காலில் தவழ்ந்துதான் வரவேண்டும். சடையனும் தவழ்ந்தான். ஆனால் கல் குத்தும்போதெல்லாம் ‘ஸ்ஸ்’ என்றும் ‘அம்மாடி’ என்றும் அவன் வாய் தானாக முனகிவிடும். ஆடுகள் தலையைத் தூக்கி, “சடையன் வந்துட்டான், வாங்க போகலாம்” என்று நிதானமாக நடையைக் கட்டும். ஓடக்கூட மாட்டா. அதுதான் அவனுக்குப் பெரிய அவமானம்.

முட்டிக்கு ஏதாவது கட்டினால்தான் கதை நடக்கும் என்று அவனுக்குப் புரிந்தது. எதைக் கட்டுவது? கமுகு மரத்திடம் போய்க் கேட்டான். மரம் பெருமையாக ஒரு மட்டையை உதிர்த்துப் போட்டது. லேசாக இருந்தது, வழுவழுப்பாக இருந்தது, சடையனுக்கு ஒரே சந்தோசம். மறுநாள் அது காய்ந்துபோய், முட்டியை மடக்கும்போதெல்லாம் அப்பளம் நொறுங்குகிற சத்தம் போட்டது. ஆடுகள் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே போயின. எறும்பு தின்றுகொண்டிருந்த அழுங்கிடம் போய், அதன் உடம்பை மூடிய செதிலில் நாலு வாங்கிக் கட்டினான். கல்லில் பட்டதும் கிளிங் கிளிங் என்று சலங்கை கட்டிய மாதிரி. உடும்பு தன் உரித்த தோலைக் கொடுத்தது. சத்தமே இல்லை, ஆனால் அந்த நாற்றம் காற்றடித்த பக்கமெல்லாம் போய், மலையே மூக்கைப் பொத்திக்கொண்டது. காய்ந்த பீர்க்கங்கூட்டைக் கட்டிப் பார்த்தபோது ஆகா இதுதான் என்று நினைத்தான். பனியில் அது தண்ணீரைக் குடித்துக் கனத்து, பாதி வழியில் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. வெறும் முட்டியில் தவழ்ந்து, வெறும் கையோடு திரும்பினான்.

அன்று மாதி அவன் முட்டியில் மஞ்சளை அரைத்துப் போட்டாள். ஊரிலுள்ள மரத்திடமும் மிருகத்திடமும் யோசனை கேட்பாய், வீட்டில் இருக்கிறவளிடம் மட்டும் கேட்கமாட்டாய் என்று நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிறகு அவளே மரப்பட்டையை ஊறவைத்துத் துணி மாதிரி ஆகும்வரை தட்டினாள். மடித்து மடித்து அடுக்கினாள். தேன்மெழுகை உருக்கி அதன்மேல் ஊற்றித் தேய்த்தாள். பனி இறங்காது, சத்தம் போடாது, நாறாது, முட்டிக்கு ஏற்றபடி வளையும். மூச்சு வாங்க வாங்க, நார் கோத்து இரண்டு முட்டிக்காப்பும் முடித்தாள். அவ்வளவு பலமில்லாத கை செய்து முடித்ததைச் சடையன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

“வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடு. மெழுகு உருகிடும்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆடு இல்லாமல் வராதே என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் அவனுக்கு இன்னும் பாரமாக இருந்தது.

அன்றைக்கு உச்சியில் ஒரே மூடுபனி. தன் கையே தனக்குத் தெரியவில்லை. பனி விலகட்டும் என்று காத்திருந்ததிலேயே வெயில் வந்துவிட்டது. திரும்பியிருக்கவேண்டும். ஆனால் கீழே ஒரே ஒரு ஆடு நிற்பது தெரிந்தது. வீட்டில் பட்டினி கிடக்கும்போது யாரால் திரும்பமுடியும்? தவழ்ந்தான். கல் குத்தவில்லை. வாய் முனகவில்லை. நிழல் நகர்வது மாதிரி நகர்ந்து, கை நீட்டினால் வாலைத் தொடலாம் என்கிற தூரத்துக்கு வந்துவிட்டான். அவ்வளவு நெருங்கியும் ஆடு ஓடவில்லை.

அது சாம்பி. மந்தைக்கெல்லாம் மூத்த பெண் ஆடு, சாம்பல் நிறம். காதைத் திருப்பி அவனைக் கண்டுகொண்டது, கண்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் இரண்டு முன்னங்கால் முட்டியிலும் ரத்தம்.

சடையன் அம்பைப் பூட்டினான். அப்புறம்தான் கவனித்தான். சாம்பியின் காலடியில் பாறை பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்குள் பிறந்து சில நாளே ஆன குட்டி. பிளவின் அந்தப் பக்கம் திறந்துகிடந்தது. அதற்கப்புறம் பாறை இல்லை, வெறும் பள்ளம், அடியே தெரியாது. குட்டி பயத்தில் பின்வாங்கப் பின்வாங்க அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. சாம்பி மண்டி போட்டுத் தலையைத் தாழ்த்தினால் எட்டிவிடும். மண்டி போடும்போதெல்லாம் கல் முட்டியைக் கிழிக்க, வலி தாங்காமல் கால் தானாக நிமிர்ந்துவிடுகிறது. விடிந்ததிலிருந்து இதே பாடு.

சடையன் வில்லைக் கீழே வைத்துவிட்டுப் பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்தான். மனுச வாடை பட்டதும் குட்டி இன்னும் பின்னால் நகர்ந்தது. அவன் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டான்.

சாம்பி அவன் முட்டியைப் பார்த்தது.

“சடையா, அதை எனக்குக் கட்டிவிடு. குட்டி மேலே வந்ததும் நான் இங்கேயே நிற்கிறேன். ஓடமாட்டேன். அப்புறம் நீ அம்பை விட்டுக்கோ.”

ஆட்டின் பேச்சை நம்பி வேட்டைக்காரன் இருப்பதையும் அவிழ்த்துக் கொடுப்பானா? வேறொருவன் கொடுத்திருக்கமாட்டான். சடையனுக்குக் காதில் விழுந்ததெல்லாம் குட்டி கத்துகிற சத்தம்தான். நார் முடிச்சை அவிழ்த்தான். அந்த ரத்த முட்டியில் மாதி செய்த காப்பை வைத்து, இறுக்கிக் கட்டினான்.

சாம்பி மண்டி போட்டது. வலித்திருக்கும், ஆனாலும் கால் நிமிரவில்லை. வெயிலில் பாறை நன்றாகச் சூடேறியிருந்தது. தன் பாரத்தையெல்லாம் முட்டியில் கொடுத்து, கழுத்தை நீட்டி, தலையைப் பிளவுக்குள் இறக்கியது. தாய் வாடை மூக்கில் பட்டதும் குட்டி பின்வாங்குவதை நிறுத்தியது. கொம்பின் மேல் ஒரு காலை வைத்தது. வழுக்கியது. குட்டி மறுபடி காலை வைத்து, தாயின் நெற்றி மேல் ஏறி, கழுத்து மேல் ஏறி, முதுகில் வந்து நின்று தும்மியது.

சாம்பி எழுந்தது. சொன்ன சொல் தவறவில்லை. பக்கவாட்டில் திரும்பி நின்று, தோளுக்குப் பின்னால் விடு, ஒரே அம்பில் முடிந்துவிடும் என்று வழியும் சொல்லிக் கொடுத்தது. குட்டிக்கு இதெல்லாம் என்ன தெரியும்? தாயின் வயிற்றுக்கடியில் புகுந்து பால் குடிக்க ஆரம்பித்தது.

சடையன் வில்லை எடுத்தான். மாதியின் ஒட்டிய கன்னத்தை நினைத்துக்கொண்டு நாணை இழுத்தான். இழுத்தபடியே நின்றான். கை வலிக்கிறவரை நின்றான். பிறகு வில்லைத் தாழ்த்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். வளர்ந்த ஆண்பிள்ளை அழலாமா என்று கேட்காதீர்கள், நீங்கள் அங்கே இருந்திருந்தால் தெரியும்.

“என் வீட்டுலயும் ஒண்ணு வரப்போகுது” என்றான். “அதோட அம்மா பட்டினி கிடக்குறா.”

இதை முதலிலேயே சொல்லியிருக்கக்கூடாதா என்று சாம்பி அவனைக் கடிந்துகொண்டது. அவன் இடுப்பில் தண்ணீருக்காகத் தொங்கிய மூங்கில் குழாயை எடுக்கச் சொன்னது. குட்டி ஒரு காம்பில் குடிக்க, இன்னொரு காம்பில் சடையன் கறந்தான். காட்டு ஆட்டுப் பால், நுரை தள்ளிக் கெட்டியாக வந்தது. குழாய் நிறைந்தது.

காப்பை அவிழ்க்கப் போனபோதுதான் மாதி சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. வெயிலிலும் பாறைச் சூட்டிலும் மெழுகு உருகி, பட்டையோடும் ரத்தத்தோடும் சேர்ந்து ஆட்டின் முட்டியில் இறங்கிவிட்டிருந்தது. இழுத்தான். நார்தான் கையோடு வந்தது. முட்டியில் கறுப்பாக, கெட்டியாக ஒரு வட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது. சடையன் பதறிப்போனான், உனக்கு நல்லது செய்யப்போய்க் காலைக் கெடுத்துவிட்டேனே என்றான். சாம்பி இன்னொரு தடவை மண்டி போட்டுப் பார்த்தது. கூரான கல்லாகத் தேடிப்போய் அதன்மேல் மண்டி போட்டது. பிறகு பிறந்ததிலிருந்து முதல்முறையாகப் பாறையிலேயே படுத்து, குட்டியை அணைத்துக்கொண்டு, கண்ணை மூடியது.

“உங்க தினைமேல எங்களுக்கு ஆசை ஒண்ணும் இல்ல சடையா. படுக்க இடமில்லாமத்தான் கீழ வந்தோம். இனிமே வரமாட்டோம்” என்றது.

மந்தைக்கு விசயம் தெரிந்ததும் சும்மா இருக்குமா? பாறையில் சாம்பி மண்டி போட்ட இடத்தில் உருகின மெழுகு இன்னும் குழைவாகக் கிடந்தது. எனக்கு உனக்கு என்று ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு எல்லா ஆடும் வந்து அதில் மண்டி போட்டன. வயசான கிடா ஒன்று ஆசைப்பட்டு நாலு காலுக்கும் தடவப்போய், பாறையோடு ஒட்டிக்கொண்டு நாளெல்லாம் எழுந்திருக்கமுடியாமல் கிடந்தது. மந்தையே கூடி அதை இழுத்து நிறுத்தியது.

சடையன் வீட்டுக்கு வந்தபோது தோளில் ஆடும் இல்லை, முட்டியில் காப்பும் இல்லை. மாதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். அவள் குழாயை வாங்கி மடமடவென்று குடித்தாள். வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அவன் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே குழந்தை உதைத்தது. நன்றாக, ஓங்கி உதைத்தது. சடையன் மறுபடியும் அழுதான், அந்த ஆளுக்கு அன்றைக்கு வேறு வேலையே இல்லை.

அதற்குப்பிறகு மாதி பிரசவிக்கிறவரை தினமும் சடையன் மேலே போனான், தினமும் சாம்பி பால் கொடுத்தது. பெண் குழந்தை பிறந்தது. ஊரார் மறுபடி விதைத்த தினையை ஒரு ஆடும் தொடவில்லை. கதிர் முற்றித் தலை சாய்ந்தபோது ஊர் முழுக்க அடுப்பு எரிந்தது. புதரில் காத்துக்கிடந்த சிறுத்தைதான் பாவம், மேலே அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்து, வேறு காட்டுக்குப் போய்விட்டது.

அன்று முதல்தான் வரையாட்டின் முன்னங்கால் முட்டியில் அந்தக் கறுப்புக் காய்ப்பு இருக்கிறது. அன்று முதல்தான் அது நாம் கால் வைக்கப் பயப்படுகிற பாறையில் குட்டியோடு நிம்மதியாகப் படுக்கிறது, மண்டி போட்ட வரையாட்டைப் பார்த்தால் நெடுமலைக்காரன் எவ்வளவு பசியிலும் வில்லைக் கீழே வைத்துவிடுகிறான்.