திரையில் வெந்த பிரியாணி

புரொஜெக்டர் வாங்கிய பெருமையில் தாளாளர் குணசீலன், இனி எல்லாப் பாடமும் ஸ்லைடில்தான் என்று சொல்லிச் சமையல் கூடத்தைப் பூட்டிவிட்டார்.

"அடுப்பில்லாம எப்படிங்க சார் சமையல் சொல்லிக்குடுக்கறது?" என்று கேட்டாள் மனையியல் ஆசிரியை தெரசாள்.

"ஸ்லைடு போதும். அடுப்பைத் தொட்டா வேலை போயிடும்."

அடுத்த மாதம் பள்ளி அங்கீகாரத்துக்காக அதிகாரி வந்தார். கூடத்தைப் பூட்டியதையே மறந்து, "எங்க பிள்ளைங்க கைமணத்தைப் பாருங்க" என்று தாளாளர் அவரை இலை போட்டு உட்காரவைத்தார். தெரசாள் புரொஜெக்டரைப் போட்டாள். திரையில் ஆவி பறக்கப் பிரியாணி வந்தது.

"சாப்பாடு எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"பிள்ளைங்க படிச்சது இதுதாங்க ஐயா. தயிர்ப்பச்சடி அடுத்த ஸ்லைடுல வருது."

அதிகாரி காலி இலையை மூடிவிட்டு எழுந்தார். "வயிறு நிறைஞ்சிடுச்சு, தாளாளர் சார். அங்கீகாரத்தையும் ஸ்லைடுலயே அனுப்பிடறேன்."

அன்று மாலையே சமையல் கூடத்தில் அடுப்பு எரிந்தது. தீக்குச்சி கிழித்தவர் தாளாளர்தான்.