வால் நுனியில் ஒரு வாசல்

வால் சாகவில்லை. அதுதான் கோளாறு.

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருக்கிற செல்களும் பேசும். பேசத் தெரிந்ததே தவிர, வேளை வந்தால் ஒழுங்காகச் சாகத் தெரியாது. ஒரு குளம் வற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்த தலைப்பிரட்டைக்கு நாலு காலும் முளைத்தாயிற்று. வால் மட்டும் போகமாட்டேன் என்றது. கரையேறப் பார்த்தால் சேற்றில் இழுத்தது. எதிரே கொக்கு வேறு வந்து நின்றது.

வால் நுனியில் வாலப்பன் என்றொரு தசைச்செல். யாரையும் நம்பமாட்டான். அவன் உடம்புதான் வீடு; அதில் செல்லுக்குச் சக்தி தரும் இழைமணி குடியிருந்தாள். என்றைக்கோ வெளியிலிருந்து வந்தவள். அவள் அடுப்பெரித்துத்தான் வீடு நடந்தது. சோற்றைத் தின்றான், ஆளை நம்பவில்லை.

"எவளாவது ரெட்டைச் சுவர் வைத்துக் கட்டுவாளா? நடுவில் என்ன ஒளித்து வைத்திருக்கிறாய்?"

"சைட்டோகுரோம் இருக்கிறாள், வீட்டுக்காரரே. அடுப்புக்குத் தணல் எடுத்துக் கொடுக்கிறவள்."

"அவள் வெளியே வந்தால்?"

"வந்தால் வீட்டுக்குச் சாவுதான்." போதாதா? உடனே அவள் வாசலில் பிசிஎல் என்ற காவல்காரனை உட்கார வைத்தான். அதைப் பார்த்து வால் முழுக்க வீட்டுக்கு வீடு காவல் போட்டார்கள்.

கழுத்துச் சுரப்பியிலிருந்து ஆள் வந்தான். "வாலைக் கலைக்கச் சொல்லி உத்தரவு."

"இது கால்கள் செய்த சதி! கால்கள் குதிக்க நான் சாகணுமா? போய்யா!"

கொக்கு ஓர் எட்டு கிட்டே வந்தது.

"ஏன் வீட்டுக்காரரே," என்றாள் இழைமணி, "கொக்கு காலை மட்டும் தின்றுவிட்டு உங்களைக் கும்பிட்டுப் போகுமா?"

வாலப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இதிலும் சூது இருக்குமோ? "நான் செத்தால் நீ எங்கே போவாய்?"

"எங்கே போக? உங்களோடுதான்."

அவன் கொக்கைப் பார்த்தான். பிறகு காவல்காரனைப் பார்த்து, "எழுந்திருடா" என்றான்.

சைட்டோகுரோம் வெளியே வந்தாள். செல்லை அறுக்கிற கத்திக்காரர்களைக் கூப்பிட்டாள். கூச்சல் இல்லை, சிந்தல் இல்லை. வீட்டைப் பிரித்துப் பொட்டலம் கட்டினார்கள். அக்கம்பக்கத்தார் எடுத்து விழுங்கினார்கள். அதைக் கண்டு அடுத்த வீட்டிலும் காவல் எழுந்தது, அதற்கடுத்த வீட்டிலும். வால் கரைந்தது. கொக்கு கொத்தியபோது அலகில் சேறுதான். தவளை கரையில் இருந்தது.

அன்று முதல்தான் தவளைக்கு வால் இல்லை. அன்று முதல்தான் ஒவ்வொரு செல்லும் தன் சாவை அடுப்படியிலேயே வைத்திருக்கிறது. சந்தேகம் இன்னும் தீரவில்லை. வாசலில் காவல் உண்டு. ஆனால் வேளை வந்தால் காவல் எழுந்தாக வேண்டும். வெளியே வந்து வேலையை முடிக்கிறவள், அடுப்புக்குத் தணல் கொடுத்த அதே சைட்டோகுரோம்.