அரியநாச்சி உலுக்கிய கூடு

குளக்கரைப் பனைமரத்தில் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னி வைக்கும். பெண் குருவி வந்து தொங்கிப் பார்க்கும், உலுக்கிப் பார்க்கும். பிடித்தால்தான் கல்யாணம். பிடிக்காவிட்டால் பறந்துவிடும். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்த வருஷம் அரியநாச்சி என்ற குருவிக்கு மட்டும் கூடு அமையவில்லை. மழைக்காலம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. இப்போதும் அமையாவிட்டால் முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை.

அப்போது தங்கமுடி கூப்பிட்டான். மரத்திலேயே பெரிய கூடு அவனுடையது. வாயும் அப்படித்தான்!

"ஏய், வந்து உட்காரு! உனக்கு அடிச்சது யோகம்!"

"முதல்ல உலுக்கிப் பார்க்கிறேன்."

"என் கூட்டையா? இங்கே நாலு பேர் வரிசையில நிக்கிறாங்க! உன்னை மாதிரி ஒட்டடைக் குருவியை வேற எவன் கூப்பிடுவான்? என் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு உள்ளே போ!"

அடேயப்பா, என்ன திமிர்! தோழி காத்தாயி மெதுவாகக் காதைக் கடித்தாள். "பொறுத்துப் போடி. கூடு நல்ல கூடு. வாய்தான் கொஞ்சம் நீளம்."

அரியநாச்சி ஒரே தாவாகத் தாவிக் கூட்டில் தொங்கினாள். உலுக்கோ உலுக்கென்று உலுக்கினாள். ஒரு நார்கூட அசையவில்லை.

"பார்த்தியா!" என்று நெஞ்சை நிமிர்த்தினான் தங்கமுடி.

"பார்த்தேன். கூட்டுல ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் கட்டின ஆள்கிட்டதான்!"

அதோடு விட்டாளா? பாட்டாகவே பாடிவிட்டாள்.

"காலைத் தொட வரலை மச்சான், கூடு பார்க்க வந்தேன்!
வாயை அடக்கத் தெரியாதவன் வாசல் எனக்கு வேண்டாம்!"

பொறுத்துப் போகச் சொன்ன காத்தாயிதான் முதலில் கூடப் பாடினாள். "வேண்டாம்! வேண்டாம்!" மரத்தில் இருந்த பெண் குருவிகள் அத்தனையும் சேர்ந்துகொண்டன. வரிசையில் நின்ற அந்த நாலு பேர் யாரென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

"நீயே திரும்பி வருவே!" என்று கத்தினான் தங்கமுடி.

"வழி மறந்துபோச்சு!" என்றாள் அரியநாச்சி.

மூன்று நாள் யாரும் கூப்பிடவில்லை. அரியநாச்சி மழையில் நனைந்துகொண்டே அழுதாள். ஆனால் அந்தக் கூட்டின் பக்கம் திரும்பவே இல்லை.

நான்காம் நாள் கீழ் மட்டையிலிருந்து ஒச்சப்பன் என்ற குருவி தயங்கித் தயங்கிப் பேசினான். "உங்க பாட்டைக் கேட்டேன். என் கூட்டையும் உலுக்கிப் பாருங்களேன். இடப்பக்கம் ஒரு முடிச்சு தளர்வுதான், முன்னாடியே சொல்லிடறேன்."

உலுக்கினாள். மூன்று நார் காலோடு வந்துவிட்டன! இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"போய் நார் கொண்டா. சேர்ந்தே பின்னுவோம்," என்றாள் அவள்.

மழை ஓய்வதற்குள் அந்தக் கூட்டில் மூன்று குஞ்சுகள் கத்தின. தங்கமுடியின் பெரிய கூட்டில் ஒரு எலி குடியேறியது. அதுவும் அவன் காலைத் தொடாமலே!

நம்மை மதிக்காதவன் எவ்வளவு பெரிய கூடு கட்டினாலும், அது வேண்டாம் என்று வாய் திறந்து சொல்கிறவருக்கே மரியாதை மிஞ்சும்.