கரிக்கோடு விழுந்த சுவர்

கேளுங்க கண்ணுகளா, பெரியவங்களும் கேளுங்க. ஏரியெல்லாம் நிறைந்து வழிந்த காலத்திலே, செங்காட்டு நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதற்கு ஒரு ராஜா. ராஜா நல்லவன்தான். அவன் நாட்டுச் சட்டம்தான் நல்ல சட்டம் இல்லை.

அந்த நாட்டில் புருஷன் பெண்டாட்டி பிரிகிற வழக்கு வந்தால், நியாய மண்டபத்தில் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பார்கள். பதில் வராத ஒவ்வொரு தரமும் வெள்ளைச் சுவரில் ஒரு கரிக்கோடு விழும். மூன்று கோடு விழுந்தால் சம்மதம் என்று அர்த்தம். விழுந்த கோட்டை ராஜாவே ஆனாலும் அழிக்கக் கூடாது.

இது சட்டம். ஊர் வழக்கமோ வேறே. சபையில் வாயைத் திறக்கிற பெண் அடக்கம் கெட்டவள், அவள் கையில் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது.

பார்த்தீங்களா அநியாயத்தை? பேசாவிட்டால் சட்டம் பிடுங்கும். பேசினால் வழக்கம் பிடுங்கும்.

அந்த நாட்டில் காத்தாயி என்று ஒரு பெண் கூடை முடைந்து பிழைத்தாள். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அவள் புருஷன் முத்திருளனுக்குப் பண்ணைக்காரர் மகள் மேல் ஆசை வந்துவிட்டது. "நீ உன் அம்மா வீட்டுக்குப் போ. வாரிசு எனக்கு" என்று பத்து மாதப் பிள்ளையைப் பிடுங்கித் தன் தாயின் மடியில் வைத்துக்கொண்டான்.

வழக்கு ராஜா வீற்றிருந்த நியாய மண்டபத்துக்கு வந்தது. சபைத் தலைவர் கேட்டார்: "காத்தாயி, பிள்ளையை விட்டுப் போகச் சம்மதமா?"

காத்தாயி ஊர் வழக்கத்துக்குப் பயந்தாள். குனிந்து நின்றாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த சடையன் ஒரு கோடு போட்டான். நாற்பது வருஷமாக அவனுக்கு அதுதான் வேலை. யார் எவர் என்று திரும்பிப் பார்க்க மாட்டான். சத்தம் வரவில்லையா, கோடு.

"சம்மதமா?" இரண்டாம் தரம். இரண்டாம் கோடு.

அப்போது மாமியார் மடியில் பிள்ளை பசியில் வீறிட்டது. காத்தாயிக்குப் பால் சுரந்து முந்தானை நனைந்தது. வெட்கம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"சம்மதமா?"

"இல்லை!" என்று கத்தினாள். மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன.

"பாருங்க தொண்டையை! இவகிட்டயா பிள்ளையைக் குடுப்பீங்க?" என்றாள் மாமியார்.

"வாயைத் திறந்துவிட்டாய். பிள்ளை உனக்கு இல்லை" என்றார் தலைவர்.

"திறந்ததுக்கே பிள்ளை போச்சுன்னா, நான் எதுக்கு இனிமே மூடணும்? ராஜா, நானும் ஒரு கேள்வி கேட்கணும். சட்டத்துல தடை இருக்கா?"

"இல்லை, கேள்" என்றான் ராஜா.

காத்தாயி புருஷன் பக்கம் திரும்பினாள். "பிள்ளை அம்மை போட்டு பதினோரு நாள் கிடந்தான். நீ எட்டிப் பார்க்கல. அவனை வளர்க்கிற தகுதி எனக்குத்தான். சம்மதமா?"

பெண்டாட்டி கேட்டு ஆம்பளை சபையில் பதில் சொல்வதா? முத்திருளன் மீசையை முறுக்கினான். அவள் மறுபடி கேட்டாள். அண்ணாந்து கூரை உத்தரத்தைப் பார்த்தான். மூன்றாம் தரமும் கேட்டாள். தாயைப் பார்த்துச் சிரித்தான்.

சுவரில் சர்ரென்று சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். மூன்று கோடு!

"டேய் சடையா! யாரைக் கேட்டுடா போட்டே?" என்று தலைவர் பாய்ந்தார்.

"சத்தம் வரலீங்க சாமி, போட்டேன். நாப்பது வருஷமா அப்படித்தானுங்களே."

"ஆம்பளை பேசாம இருந்தா அது கவுரவம்டா!"

"அவர் பேசாட்டா கவுரவம், நான் பேசாட்டா மட்டும் சம்மதமா?" என்றாள் காத்தாயி.

தலைவர் ராஜாவைத் திரும்பிப் பார்த்தார். விழுந்த கோட்டை யார் அழிப்பது? பிள்ளை தாயின் இடுப்புக்கு வந்தது. சேலையை எட்டிப் பிடித்துக்கொண்டது.

"பெண்ணே, உன் பொறுமையை மெச்சினேன்" என்றான் ராஜா.

"பொறுமையா? எனக்கு அது தீர்ந்து நாளாச்சு ராஜா. இது கோபம்."

அவள் போகவில்லை. சுவரைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை மூன்று மூன்றாகக் கோடு. ஒவ்வொரு மூன்றும் ஒரு தாயிடமிருந்து பிடுங்கிய பிள்ளை.

"எங்களைப் பேசவும் விடாம, பேசலைன்னு பிள்ளைங்களைப் பிடுங்கினது அநியாயம். சம்மதமா ராஜா?"

ராஜா தலை குனிந்தான். அவள் மறுபடி கேட்டாள். கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்தான். மூன்றாம் தரமும் கேட்டாள். பதில் இல்லை.

சடையன் இந்தத் தரம் திரும்பிப் பார்த்தான், யார் என்று. பார்த்துவிட்டுத்தான் மூன்று கோடும் போட்டான். கரித்துண்டை உடைத்து வாசலில் எறிந்தான்.

மறுநாள் விடிவதற்குள் அந்த நாட்டுத் தாய்மார் மண்டப வாசலில் வந்து நின்றார்கள், பிள்ளைகளைக் கேட்டு. ஒருத்தியும் தலை குனியவில்லை.

கண்ணுகளா, வாயைக் கட்டிவைத்துவிட்டு மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிற சட்டம், எத்தனை பேர் கும்பிட்டாலும் திருட்டுதான்.