'முன்னால் நடந்தது' என்ற கட்டம்

அலுமினியத் தட்டு ஒன்று இரும்புக் கதவில் படும் சத்தம். ஓங்கி அடிக்கும் சத்தம் இல்லை. ஒரு தட்டு. ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடி ஒரு தட்டு.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், நர்சிங் மாணவியாக மனநல ஆஸ்பத்திரிக்குள் முதல் நாள் நுழைந்தபோது திலகவதி கேட்டது அது. பூட்டு வார்டிலிருந்து வந்தது. அடிக்கிறவள், கடிக்கிறவள் என்று பேர் எடுத்த பெண்களைத் தனித்தனி அறையில் வைத்துப் பூட்டும் இடம்.

யார் தட்டுகிறாள், எதற்குத் தட்டுகிறாள் என்று அன்று யாரும் சொல்லவில்லை. திலகவதியும் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதுதான் உள்ளே தங்கிவிட்டது.

பிறகு அவள் நர்சிங் கல்லூரியில் ஆசிரியை ஆனாள். ஐம்பத்தோரு வயதில் முனைவர் பட்டத்துக்கு ஓர் ஆய்வை எடுத்துக்கொண்டாள். ஒரு பெண்ணைக்கூடப் பூட்டாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதுதான் அதன் கேள்வி.

மூன்று வருஷம் போயிற்று.

அந்த ஆய்வின் தாள்களை வைத்தே ஒரு பெண்ணைப் பூட்டப் போகிறார்கள் என்று தெரிந்த திங்கட்கிழமை, ஒன்பதாம் வார்டுக்கு வந்து ரெஜினாளின் மேசை முன்னால் நின்றாள்.

"நான் என்ன தப்புப் பண்ணினேன் ரெஜினா? நீயாவது சொல்லு."

ரெஜினாள் அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ். முப்பத்தெட்டு வயது. ஒரு காலத்தில் திலகவதியின் மாணவி. சின்னச் சின்னக் கிண்ணங்களில் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னையா கேக்குறீங்க மேடம்? மனநலப் பேப்பர்ல ரெண்டு தடவை ஃபெயில் ஆனவ நான். திருத்தினது நீங்கதான்."

"பழசை விடு."

"இருபத்தெட்டு மார்க்கு மேடம். எப்படி விடறது?"

திலகவதி சிரிக்கவில்லை. ரெஜினாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"யாரைப் பூட்டு வார்டுக்கு மாத்தறாங்க?"

"வெள்ளத்தாயை. வியாழக்கிழமை காலையிலே."

இருவரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். வெள்ளத்தாய் கட்டிலில் உட்கார்ந்து தன் போர்வையை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக அந்தக் கட்டில் அவளுடையது. தம்பி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவன், திரும்பி வரவில்லை.

திலகவதி கையோடு கொண்டுவந்த கோப்பு அட்டையைத் திறந்து ஆய்வுத் தாள்களைக் காட்டினாள்.

செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை அவள் இந்த வார்டில் உட்கார்ந்து எழுதுவாள். அடிதடி ஒன்று நடந்தால் அதற்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளிலும் மூன்று கட்டம். முன்னால் நடந்தது. நடந்தது. பின்னால் நடந்தது.

ஆறு வாரத்தில் ஒன்பது தாள். ஒன்பதிலும் அடித்தவள் வெள்ளத்தாய். நடுக்கட்டமும் கடைசிக் கட்டமும் நிரம்பி வழிந்தன. முதல் கட்டத்தில் மட்டும் ஒன்பது தடவையும் ஒரே வரி: 'காரணம் ஏதும் இல்லை.'

"பெரிய டாக்டர் கேட்டார்னு சுருக்கம் எழுதிக் கொடுத்தேன். படிச்சுட்டு, காரணமே இல்லாம அடிக்கிறவளை எப்படி வெளியே வைக்கிறதுன்னு கேட்டார். மாத்தற உத்தரவிலே சிவப்பு மையிலே கையெழுத்துப் போட்டுட்டார்."

"எங்க ரிப்போர்ட் புத்தகம் பார்த்தீங்களா மேடம்?"

"பார்த்தேன். மத்த நாள்ல ஒரு சண்டைகூட எழுதலையே நீங்க. பழகிப் போச்சு உங்களுக்கு. எழுதறதில்லை."

"அடி வாங்கறவங்க நாங்க மேடம்," என்றாள் ரெஜினாள். "அது பழகுமா?"

திலகவதி அட்டையை மூடினாள்.

ரெஜினாள் காலி மருந்துப் பெட்டி ஒன்றைக் கிழித்து, அதன் வெள்ளைப் பக்கத்தை மேசையில் வைத்தாள்.

"இந்த வார்டை வரைங்க."

"எதுக்கு?"

"வரைங்களேன்."

திலகவதி வரைந்தாள். இருபத்தெட்டுக் கட்டில். ஜன்னல்கள். குழாய். மருந்து அலமாரி. நர்சு மேசை. கம்பிக் கதவு. வகுப்பில் கரும்பலகையில் வரைந்து பழகிய கை, கோடெல்லாம் நேராக வந்தது.

ரெஜினாள் பார்த்தாள்.

"ஒண்ணு குறையுது."

திலகவதி தண்ணீர் டிரம்மை வரைந்தாள்.

"இன்னும் குறையுது."

உயரத்தில் கம்பிக் கூண்டுக்குள் இருந்த டிவியை வரைந்தாள். பன்னிரண்டாம் கட்டிலுக்குக் கீழே தூங்கும் பூனையைக்கூட வரைந்தாள்.

"பூனை நல்லா வந்திருக்கு. ஆனா குறையுது."

"வேற ஒண்ணும் இல்லையே ரெஜினா!"

"சரி. புதன்கிழமை வாங்க."

"நாளைக்குச் செவ்வாய். என் நாளாச்சே?"

"நாளைக்கு வேண்டாம். புதன்கிழமை. அட்டை வேண்டாம், பேனா வேண்டாம். மூக்குக் கண்ணாடி மட்டும் மறக்காதீங்க."

சொல்லிவிட்டு மாத்திரைத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமையைத் திலகவதி வீட்டில் கழித்தாள். கழியவில்லை. ஒன்பது மணிக்குச் செருப்பை மாட்டி, பத்து மணிக்குக் கழற்றினாள்.

புதன்கிழமை ஒன்பதாம் வார்டில் நகம் வெட்டும் நாள்.

ரெஜினாள் நகவெட்டியை அவள் கையில் வைத்தாள்.

"தரையிலே உட்காரணும் மேடம். முட்டி வலிச்சா சொல்லுங்க, தைலம் இருக்கு."

திலகவதி புடவையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பெண்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் வந்தவள் ரஞ்சிதம். வார்டில் யாருக்குப் பேர் வைப்பதென்றாலும் அவள்தான்.

"அடி ஆத்தே! எழுத்தம்மா தரையிலே உட்கார்ந்திருக்காங்க! எங்க நகத்தையும் எழுதிக்கிடப் போறீகளா?"

"வெட்டத்தான் வந்தேன்."

"சதையோட வெட்டிராதீக. ஏற்கெனவே உங்க நாள்ல எல்லாம் முதுகு பழுத்துப் போயி உட்கார்ந்திருக்கேன்." வரிசையில் பின்னால் நின்ற வெள்ளத்தாயைக் கட்டை விரலால் காட்டினாள். "மூணு தடவை என் முதுகுதான். பக்கத்துல யாரு நின்னாலும் அவளுக்குப் போதும்."

"இவ எழுத்தம்மா இல்லைடி," என்றாள் வெள்ளத்தாய்.

"இவுகதான்டி!"

"இல்லை. அவளுக்கு முகம் கிடையாது. குனிஞ்ச தலைதான். நடு வகிடு மட்டும் தெரியும்."

ரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திலகவதியின் கை அவளையறியாமல் வகிட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

வெள்ளத்தாயின் முறை வந்தது. எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வலது கையை நீட்டினாள். கை சில்லென்று இருந்தது. இந்தக் கையை ஒன்பது தாளில் எழுதியிருக்கிறோம், ஒரு தடவையும் தொட்டதில்லை என்று திலகவதிக்குத் தோன்றியது.

கட்டை விரலில் ஆரம்பித்தாள்.

"உனக்கு அவளைத் தெரியுமா?" என்றாள் வெள்ளத்தாய்.

"யாரை?"

"எழுதறவளை. செவ்வாய்க்கிழமை வருவா. வெள்ளிக்கிழமை வருவா. கதவோரம் நாற்காலியிலே உட்கார்ந்துக்குவா. நம்மளைப் பார்ப்பா, எழுதுவா. பார்ப்பா, எழுதுவா."

"தெரியும்."

"எழுதி முடிச்சா யாரையாச்சும் கூட்டிட்டுப் போயிருவாங்க. எனக்குத் தெரியும். என் தம்பி இப்படித்தான் எழுதினான். ஆபீசு நாற்காலியிலே உட்கார்ந்து, ரொம்ப நேரம் எழுதினான். எழுதி முடிச்சுட்டு எந்திரிச்சுப் போனான்."

ஆள்காட்டி விரல். நடு விரல்.

"அதனால?"

"அதனால முடிக்க விடக் கூடாது." வெள்ளத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "யாரையாச்சும் ஒரு சாத்து சாத்தினா விசில் அடிப்பாங்க. எல்லாரும் ஓடி வருவாங்க. அவளும் எழுதறதை விட்டுட்டு எந்திரிச்சிருவா. அன்னைக்கு முடியாது. பாவம், ரஞ்சிதத்துக்கு வலிக்கும். ஆனா யாரையும் கூட்டிட்டுப் போகலை, பார்த்தியா?"

நகவெட்டி நின்றது.

திலகவதி தலையைத் திருப்பினாள். கம்பிக் கதவோரத்தில் நாற்காலி கிடந்தது. ஆறு வாரமாக அவள் உட்கார்ந்த நாற்காலி. திங்கட்கிழமை பூனையை வரைந்தவள் அதை வரையவில்லை.

"ஏன் நிறுத்திட்டே? சுண்டு விரல் மிச்சம் இருக்கு," என்றாள் வெள்ளத்தாய்.

திலகவதி சுண்டு விரலை வெட்டினாள்.

"எழுதறவ இனிமே வரமாட்டா," என்றாள்.

"நீ சொன்னா கேப்பாளா?"

"கேப்பா."

வெள்ளத்தாய் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டினாள்.

"அப்ப இதையும் வெட்டு."

மதியம் திலகவதி வீட்டுக்குப் போய் அட்டையை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார். அவள் நீட்டிய ஒன்பது தாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஒன்பது தடவை அடிச்சது நிஜம்தானே?"

"நிஜம் சார்."

"அப்புறம் என்னம்மா?"

"காரணம் இல்லைன்னு எழுதினேன். அது நிஜம் இல்லை."

"என்ன காரணம்?"

"நான்தான் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இப்படி எழுதிக் கொடுத்தா ஆய்வு நிக்காதே. வார்டிலே நடந்ததை எல்லாம் நீங்களே நடத்தினதா ஆயிடும். மூணு வருஷ வேலை."

"ஆமா சார்."

"யோசிச்சுக்கங்க. இந்த ஒருத்தியைத் தள்ளி வெச்சுட்டு மீதியை முடிக்கலாம்."

திலகவதி யோசித்தாள். பொய் சொல்வானேன், யோசிக்கத்தான் செய்தாள். பெயருக்கு முன்னால் ஒரு 'முனைவர்' போட்டுப் பார்த்திருக்கிறாள், தனியாக இருக்கும்போது, தாளின் மூலையில். சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்தது. நாளைக் காலைக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று அவள் மனம் தானாகக் கணக்குப் போட்டது.

"அந்தத் தாள்களைக் கொடுங்க சார்," என்றாள்.

ஒன்பது தாளிலும் 'காரணம் ஏதும் இல்லை' என்பதை அடித்தாள். ஒன்பதிலும் அதற்கு மேலே எழுதினாள்: 'ஆய்வு செய்பவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.' தேதி போட்டாள். கையெழுத்துப் போட்டாள்.

பெரிய டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"நீங்க வராமலே அவ அடிச்சா?"

"இப்ப எழுதினதும் தப்புன்னு ஆகும்."

"ஒரு மாசம் பார்க்கலாம்," என்றார். மாற்றல் உத்தரவில் இருந்த சிவப்புக் கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

திலகவதி ஒன்பதாம் வார்டுக்குத் திரும்பினாள். ரெஜினாள் வெட்டிய நகங்களைக் காகிதத்தில் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முதல்லயே தெரியுமா?"

"மூணாவது வாரமே தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் சொல்லலை?" திலகவதிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "ஒருத்தியோட வாழ்க்கைடி இது! வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் இல்லையா?"

ரெஜினாள் காகிதத்தைப் பொட்டலமாக மடித்தாள்.

"சொன்னேனே மேடம். ரெண்டு தடவை சொன்னேன். 'நீங்க வர்ற நாள்லதான் இப்படி இருக்கா'ன்னு."

"எப்போ?"

"நீங்க தலையை ஆட்டினீங்க. அப்புறம் அதையும் எழுதிக்கிட்டீங்க."

திலகவதி அட்டையில் இருந்த குறிப்புத் தாள்களைப் புரட்டினாள். மூன்றாவது வாரம். வெள்ளிக்கிழமை. ஓரத்தில், அவளுடைய அழகான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு இருந்தது.

'பணியாளர்களிடம் ஆய்வுக்கு எதிர்ப்பு காணப்படுகிறது.'

வெள்ளத்தாய் பூட்டு வார்டுக்குப் போகவில்லை. நாலு வருஷம் கழித்து அவளை ஆஸ்பத்திரிக்கு வெளியே, பெண்கள் பதினாறு பேர் சேர்ந்து வாழும் இல்லம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கே காய் நறுக்குகிறவள் அவள். அரிவாள்மணை அவள் பொறுப்பில் இருக்கிறது.